இடது பின் இருக்கை

கார் முதன்முதலாகச் சத்தம் போட்டது ஒரு திங்கட்கிழமை காலை, மருந்துக்கடைக்கு முந்தைய வலதுபக்கத் திருப்பத்தில். கெட்டி அட்டையை யாரோ ரம்பத்தால் அறுப்பதுபோல இரண்டு விநாடி 'கர்ர்ர்' என்றது. வண்டி நிமிர்ந்ததும் நின்றுவிட்டது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நகரத்தின் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதும் அவர் போடும் கையெழுத்தால்தான். எட்டுப் பேர் போகும் பெட்டிக்குள் ஒன்பதாவது ஆள் காலை வைத்தால், ஆளைப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பேசியவர் அவர்தான். வேறு யாரும் பேசியதாகத் தகவல் இல்லை.

முன் இருக்கையில் அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளுக்கு, கணவரின் மனதில் ஓடுவதைப் படிப்பது ஒரு வேலையே இல்லை. பின்னால், இடதுபக்கம், அவளுடைய அக்கா. அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் தனியாக இருப்பவள். மருந்துக்கடை தாண்டி இரண்டு தெரு தள்ளி அவளுக்குத் தையல்கடை இருந்தது. ஊருக்கெல்லாம் டெய்லர் அக்கா. இன்ஸ்பெக்டருக்கும் அக்காதான். பின் இருக்கையின் வலதுபக்கத்தில் இன்ஸ்பெக்டரின் ஃபைல்கள், ஹெல்மெட், ஒரு டார்ச் லைட் எல்லாம் நிரந்தரமாகக் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்யச் சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

டெய்லர் அக்கா நல்ல கனமான உடம்பு. அதை ஒளித்துப் பேசவேண்டிய அவசியம் அவளுக்கே இருந்ததில்லை. "எனக்கு ஜாக்கெட் தைக்கிற துணியில உங்களுக்கு ரெண்டு தைக்கலாம்" என்று வாடிக்கையாளர்களிடம் அவளே சிரித்தபடி சொல்வாள்.

சத்தம் கேட்டதும் இன்ஸ்பெக்டர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடியை வைக்கிறார்கள். அவர் பார்த்தது அக்காவை.

அன்று மாலை காரைச் சுற்றி மூன்று முறை வந்தார். வலது பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் போனது. இடதுபக்கம் இரண்டு விரலே திணறியது. அவருக்கு நோய் புரிந்துவிட்டது. நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி.

முதலில் டயருக்குக் காற்று அடித்துப் பார்த்தார். அடிக்க வேண்டிய அளவுக்கு மேலேயே அடித்தார். வண்டி பந்துபோலக் குதித்தது, உரசல் குறையவில்லை. உள்ளே இருந்தவர்களின் முதுகெலும்புதான் உரசியது.

புதன்கிழமை காலை, மிகுந்த பண்போடு ஆரம்பித்தார்.

"அக்கா, வெயில் அந்தப் பக்கம்தானே அடிக்குது. கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காருங்களேன்."

"மழை தூறுது மாப்பிள்ளை."

"மழைன்னா... சாரல் படும்ல?"

"கண்ணாடி ஏத்தித்தானே இருக்கு?"

இன்ஸ்பெக்டர் இருமினார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அக்கா நடுவில் நகர்ந்து, ஃபைல்களை முழங்கையால் தாங்கிக்கொண்டு, தரையின் மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலை வைத்து உட்கார்ந்தாள். மருந்துக்கடைத் திருப்பத்தில் கார் திரும்பவும் கர்ர்ர் என்றது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் பாதையையே மாற்றினார். வலதுபக்கம் திரும்பினால்தானே வண்டி இடதுபக்கம் சாய்கிறது, உரசுகிறது? வலதுபக்கம் திரும்பாமலே போனால்? பத்து நிமிஷத்தில் போகிற மருந்துக்கடைக்கு இடது இடதாகவே திரும்பி நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தை இரண்டு முறை பார்த்தார்கள்.

"இப்படியே போனா வீட்டுக்கே திரும்பி வந்துடலாம்" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை அவர் தன் முழு அறிவையும் இறக்கினார். லிஃப்ட் பெட்டி ஏறும்போது எதிர்ப்பக்கம் ஓர் எடை இறங்கும். அந்தச் சமநிலையில்தான் அவர் குடும்பமே நடக்கிறது. ஆகவே கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு மூட்டை மணல் கொண்டுவந்து பின் இருக்கையின் வலதுபக்கக் கால் வைக்குமிடத்தில் இறக்கினார். கார் ஓரளவு நேராக நின்றது. தூரப் போய் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்து ரசித்தார். கிளம்பியதும் தெரிந்தது, இப்போது இரண்டு பக்கமும் உரசுகிறது.

அன்று மாலை பால்கனியில் நின்று, கூட வேலை பார்ப்பவரோடு ஃபோனில் பேசினார். காருக்கு இந்த அகலமான டயர்களைப் போடச் சொல்லி யோசனை சொன்ன புண்ணியவான் அவர்தான். பழைய டயரைவிட இது கம்பீரமாக இருக்கும் என்றிருந்தார். கம்பீரத்தில் குறை இல்லை.

"டயர்ல ஒண்ணும் தப்பு இல்லைங்க" என்றார் இன்ஸ்பெக்டர் உரக்க. மெதுவாகப் பேசினால் ஃபோனில் கேட்காது என்பது அவர் கட்சி. "கார் டிசைன் பண்ணினவன் அஞ்சு பேருக்குப் பண்ணிருக்கான். ஒருத்தரே ரெண்டு பேரா வந்து ஏறினா ஸ்பிரிங் பாவம் என்ன பண்ணும்? நேராச் சொல்லவும் முடியல. பொண்டாட்டியோட அக்கா ஆச்சே!"

பால்கனிக்கு நேர் கீழே, டெய்லர் அக்கா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தவரை மடித்தாள். மீதியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் வரவில்லை. "பஸ்ல போயிக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று தங்கைக்குச் செய்தி வந்தது. வழக்கமாக ராத்திரி மேலே வந்து தங்கையோடு சாப்பிடுகிறவள், அன்று பசியில்லை என்றாள். அதற்கடுத்த நாளும் பசியில்லை. கடையில் மதியம் ஆளில்லாத நேரத்தில், கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். இருபது வருஷமாக ஊரையே அளந்தவள், அளவை நோட்டில் எழுதிவிட்டு யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாதவள். தன்னைத் தானே அளந்தது அன்றுதான். எண்ணைப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். அப்புறம் அடுத்த ஆள் வந்ததும் அதையே திறந்து எடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கார் ஒரு துரோகம் செய்தது. அக்கா ஏறாமலே உரசியது. மணல் மூட்டையை வெளியே எடுத்த பிறகும் உரசியது.

"இப்ப யாரு பின்னால உக்காந்திருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் அசரவில்லை. "இரும்புக்கு ஞாபகசக்தி உண்டு. ரொம்ப நாளா ஒரே பக்கம் அழுத்தினதுனால ஸ்பிரிங் அப்படியே பழகிப்போச்சு. நாளாக நாளாகச் சரியாகும்."

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். மருந்துக்கடையில் தேதி முடிந்த பாட்டிலை அவள் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். "அக்கா ஏன் சாப்பிட வரதில்லைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பசியில்லைன்னு சொன்னாங்களே?"

"நீங்க ஃபோன் பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும். கீழ்வீட்டுக்குக் கேக்காதா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்ததை முகத்தில் காட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது. மனைவி அதைத் திருத்தாமல் நேராகக் கீழே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் இல்லாமலும் உரசுதா?" என்று கேட்டாள் அக்கா. அதை மட்டும்தான் கேட்டாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் அவள் இஞ்ச் டேப்போடு நின்றாள். காதில் பென்சில். கையில் அளவு நோட்டு. இன்ஸ்பெக்டர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னக்கா இது?"

"அளவெடுக்கிறேன். வண்டி காலியாத்தானே இருக்கு?"

"காலிதான்."

நாலு சக்கரத்துக்கும் காற்று ஒரே அளவா என்று முதலில் கேட்டாள். இல்லை என்றதும் சரிபார்த்து வரச் சொன்னாள். அவர் போய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். சக்கரத்தின் நட்டநடுப் புள்ளியில் டேப்பின் முனையை வைத்து, நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை பிடித்தாள். முன்பக்கம் இரண்டும் பதினைந்தேகால். வலது பின்பக்கம் பதினாலரை. இடது பின்பக்கம் பன்னிரண்டே முக்கால்.

"ஒண்ணே முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கு" என்று எழுதிக்கொண்டாள். "இவ்வளவு வித்தியாசத்தோட ஒரு சட்டை தைச்சுக் கொடுத்தா ஊர்ல என்னைக் கடை வைக்க விட மாட்டாங்க."

"தரை சாய்வா இருக்கும்க்கா. இந்தக் கட்டடமே ஒழுங்கா..."

"அப்ப திருப்பி நிறுத்துங்க."

"என்னது?"

"வண்டி மூஞ்சியை அந்தப் பக்கம் பாத்து நிறுத்துங்க. தரை சாய்வுன்னா இப்ப வலதுபக்கம் இறங்கணும்ல?"

இன்ஸ்பெக்டருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் பரிசோதனை செய்து சம்பளம் வாங்கியவர். பேசாமல் ஏறி வண்டியைத் திருப்பி நிறுத்தி இறங்கினார். அக்கா மறுபடி அளந்தாள். இடது பின்பக்கம் அதே பன்னிரண்டே முக்கால்.

"உள்ள யாரு இருக்கா மாப்பிள்ளை?"

"யாரும் இல்ல."

"குனிஞ்சு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சீட்டுக்கு அடியில நான் எங்கயாவது இருக்கப் போறேன்."

அவர் நிஜமாகவே குனிந்தார். பாதி குனிந்த பிறகுதான் புரிந்து நிமிர்ந்தார்.

மறுநாள் மூன்று பேருமாக மெக்கானிக் கடைக்குப் போனார்கள். அக்கா வரத் தேவையில்லை என்று இன்ஸ்பெக்டர் பெருந்தன்மையோடு சொல்லிப் பார்த்தார். "விசாரணை என் மேல. நான் இல்லாம தீர்ப்பா?" என்று அவள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சுவதையும் கேள்வி கேட்பதையும் மாற்றி மாற்றிச் செய்தார்.

"எப்ப உரசுது? நேராப் போகும்போதா?"

"வலது திருப்பத்துல. அப்புறம் பள்ளத்துல விழுந்தா" என்றாள் மனைவி.

"பின்னால ஆள் ஏறினா ஜாஸ்தி உரசும்" என்று சேர்த்தார் இன்ஸ்பெக்டர். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அக்கா அளவு நோட்டை நீட்டினாள். மெக்கானிக் வாங்கிப் பார்த்து, அவளை நிமிர்ந்து பார்த்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். "காலி வண்டியில எடுத்ததா?"

"ஆமா."

மெக்கானிக் டிக்கியைத் திறந்தார். சற்று நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு உறிஞ்சும் சத்தம்கூட வரவில்லை.

"இது என்ன?"

டிக்கியின் இடதுபக்க மூலையில், சாக்குத் துணியின் அடியில், கைப்பிடி வைத்த இரும்பு எடைக்கற்கள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் இருபது கிலோ என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. மொத்தம் எட்டு.

"அது ஆபீஸ் கல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். "லிஃப்ட் எவ்வளவு தாங்குதுன்னு சோதிக்க."

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு... அஞ்சு மாசம். நாலாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வச்சுட்டு மறுபடி தூக்கிட்டு வரணும். எதுக்கு அலையணும்னுதான் வண்டியிலயே..."

"காலி வண்டின்னு சொன்னீங்களே?"

"காலிதாங்க. இது ஆபீஸ் சொத்து!"

ஆபீஸ் சொத்துக்குக் கனம் உண்டா என்ற நுட்பமான கேள்வியை மெக்கானிக் எழுப்பவில்லை. "ஏன் எல்லாம் இடதுபக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

"வலதுபக்கம் குடை இருந்துச்சு."

டெய்லர் அக்கா மெதுவாக டிக்கியருகே வந்தாள். விரல் நீட்டிக் கற்களை எண்ணினாள். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள். "நான் தொண்ணூறு கிலோ. அப்ப நாலரைக் கல்லு. இங்க எட்டு கல்லு இருக்கு. இதுல ஒண்ணைக்கூட நீங்க நடுவுல தள்ளி உக்காரச் சொல்லலையே மாப்பிள்ளை?"

மனைவி மெக்கானிக்கின் மேஜையிலிருந்த பழைய காலண்டரை மிக ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கற்களை இறக்கிவைத்து அக்கா மறுபடி அளந்தாள். வலது பின்பக்கம் பதினாலே முக்கால் வந்தது. இடது பின்பக்கம் பதிமூன்றரைக்கு மேல் ஏறவில்லை. "இன்னும் ஒண்ணேகால் இஞ்ச் வித்தியாசம் இருக்கு" என்றாள்.

"கல்லு மட்டும் காரணம் இல்ல. உள்ள ஏதோ போயிருக்கு. மேல ஏத்திப் பாத்துடலாம்" என்றார் மெக்கானிக்.

கார் ஏற்றும் இயந்திரத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு உயிர் வந்தது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு பொருள்! அதன் தூணில் ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து படித்து, "இதுக்கு வருஷாந்தர சோதனை எப்ப நடந்துச்சு?" என்று அதிகாரக் குரலில் கேட்டார்.

"மூணு மாசம் முன்னாடி. சர்டிபிகேட் உள்ள மாட்டியிருக்கு" என்றார் மெக்கானிக், பொத்தானை அழுத்தியபடி. "உங்க வண்டிக்கு எப்ப நடந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் தகட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். கார் மேலே போனது.

சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் விளக்கை உள்ளே பிடித்தார். மட்கார்டுக்குள்ளிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை, டயர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாகியிருந்தது. பிறகு ஸ்பிரிங்கின் அடிப்பக்கம் விரலை விட்டுத் துழாவி, வளைந்த ஒரு துண்டு இரும்பை வெளியே எடுத்தார். பிறை மாதிரி இருந்தது.

"ஸ்பிரிங்கோட கடைசிச் சுற்று. உடைஞ்சு கீழ கிடக்குது. உடைஞ்ச இடம் துரு ஏறிப்போச்சு பாருங்க. இது போன வாரம் உடைஞ்சது இல்ல, மாசக்கணக்காச்சு. ஏற்கெனவே துரு பிடிச்ச ஸ்பிரிங், அது மேல ராப்பகலா நூத்தி அறுபது கிலோ. ஆள்னா ஏறுவாங்க, இறங்குவாங்க. கல்லு எங்க இறங்கும்? இதுல டயர் வேற ஒரு சைஸ் அகலம். உரசாம என்ன பண்ணும்?"

இன்ஸ்பெக்டர் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரும்பின் ஞாபகசக்தி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் கழற்றிய டயரை உருட்டிக்கொண்டு வந்து அதன் வெளி ஓரத்தைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து, உள்ளேயிருந்த நூல் பிசிர் பிசிராக வெளியே தெரிந்தது. "நீங்க சிரிச்சுட்டு இருக்கீங்க. இது இன்னும் பத்து நாள் ஓடியிருந்தா வெடிச்சிருக்கும். இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

மனைவி காலண்டரை விட்டுவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அந்த நூல்பிசிர்களையே பார்த்தபடி நின்றார். லிஃப்ட் கம்பியில் இப்படி ஒரே ஒரு பிசிர் தெரிந்தால்கூடக் கட்டடத்தையே நிறுத்திவைக்கிறவர் அவர்.

பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றினார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி ஏற்றத்தாழ்வுதான் வரும் என்றார் மெக்கானிக். டயர்களும் சரியான அளவுக்கு மாறின. கம்பீரம் குறைந்தது. அக்கா கடைசியாக ஒருமுறை அளந்தாள். பின்பக்கம் இரண்டும் பதினைந்து. நோட்டில் அடிக்கோடிட்டு மூடினாள்.

எடைக்கற்களை இன்ஸ்பெக்டர் அன்றைக்கே ஆபீசுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். ஆபீஸ் லிஃப்ட் ஓடவில்லை. கதவு சரியாக மூடவில்லையென்று போன வாரம் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்தியதே அவர்தான். எட்டு கல்லையும் ஒவ்வொன்றாக நாலு மாடி தூக்கினார். ஆறாவது கல்லில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு மதியம், தையல்கடை வாசலில் வந்து நின்றார். அக்கா ஒரு நீளமான திரைச்சீலைத் துணியை மேஜைமேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஸ்பிரிங் விஷயம். யோசிச்சுப் பாத்தா அது ஒரு சுமை விநியோகப் பிரச்சினை. சாதாரணமா ஒருத்தருக்குத் தோணாது. ஏன்னா..."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, விளக்கம் சொல்ல வந்தீங்களா?"

அவர் தெருவில் போன ஒரு வண்டியைப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார்.

"ஃபோன்ல நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு."

"ம்."

"டயரைப் பாத்ததுல இருந்து தூக்கம் வரல. நீங்க அந்த சீட்டுல..." வாசலில் கிடந்த ஒரு நூல்துண்டைக் குனிந்து எடுத்தார். "நாளைக்கு வாங்கக்கா. ஃபைலையெல்லாம் எடுத்துட்டேன். எந்தப் பக்கம் வேணாலும் உக்காரலாம்."

அக்கா கத்தரியைக் கையில் எடுத்தாள். "பஸ்ல ரெண்டு பேரு பழக்கமாகியிருக்காங்க. அதுல ஒருத்தங்க வீட்டுத் திரைச்சீலைதான் இது. மழை பெஞ்சா கார்ல வரேன். மத்த நாள் பஸ்தான்."

"சரிக்கா."

"ராத்திரி சாப்பிட வரேன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

அவர் கிளம்பப் போனார். போக விடாமல் அவள் துணியின் ஒரு முனையை நீட்டினாள். "வந்தது வந்தீங்க. இதை இழுத்துப் பிடிங்க. கோணாம பிடிக்கணும்."

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு, அவள் வெட்டி முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றார்.